கிள்ளான் ஆற்றுச் சேறு எதைச் சுமந்து போகிறது?

கோலாலம்பூரில் சாயங்காலம் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும். மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தில் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறிவிடும். பாலத்தில் நிற்பவர்கள் "எவ்வளவு அழுக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு எல்ஆர்டி பிடிக்கப் போவார்கள். நாலு நாள் மழை விட்டு, தண்ணீர் வடிந்து கொஞ்சம் தெளிந்தால், "பரவாயில்லையே, ஆறு சுத்தமாயிடுச்சு" என்பார்கள். இரண்டுமே அவசரமான முடிவுகள். நிறத்தைக் கொடுப்பது மலைச் சரிவிலிருந்து வரும் மண். அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது நகரத்தின் கழிவு. தண்ணீர் தெளிந்ததும் இரண்டும் காணாமல் போவதில்லை. ஒரு பகுதி கடலுக்குப் போகிறது, ஒரு பகுதி படுகையில் படிந்து அடுத்த மழைக்காகக் கிடக்கிறது. இந்த ஆற்றைச் சுத்தப்படுத்தப் பல ஆண்டுகளாகச் செலவு செய்கிறோம். அப்படியும் சேற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

மண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கிள்ளான் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரின் சரிவில் உலு கிள்ளானுக்கு மேலே பிறந்து, ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சுமார் 1,288 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் மழை இந்த ஒரே ஆற்றுக்குள் வடிகிறது. மலைத்தொடர் கிரானைட் பாறையால் ஆனது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய மூன்றும்தான் அந்தப் பாறையின் பெரும்பகுதி. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் ஃபெல்ட்ஸ்பாரைத் தாக்கி, அதிலுள்ள பொட்டாசியம், சோடியம், சிலிக்காவில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கரைத்து எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது கயோலினைட் என்னும் வெள்ளைக் களிமண். மைக்காவில் இருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. கோலாலம்பூரில் எந்த மேட்டை வெட்டினாலும் தெரியும் செம்மண்ணின் சிவப்பு இந்தத் துருதான். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக நிற்கிறது.

வருஷம் முழுக்க வெயில், வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டரைத் தொடும் மழை. இப்படிப்பட்ட இடத்தில் இந்த வேதிவினை நிற்கவே நிற்காது. அதனால் சில சரிவுகளில் 30 மீட்டருக்கு மேல் தோண்டினால்தான் உறுதியான பாறை தட்டுப்படும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பாறையாக இருந்து மண்ணாகிப்போனது. காடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கும், சருகு தண்ணீரை உறிஞ்சும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அடர்காட்டு ஓடையில் மழை நின்ற கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் தெளிந்துவிடுவது இதனால்தான். காட்டை வெட்டி, மேட்டைச் சீவி, மண்ணைத் திறந்து போட்டால் கதை மாறுகிறது. மழைத்துளி நேராக மண்ணில் மோதி, துகளைத் துகளாகப் பிரித்துவிடுகிறது. அப்புறம் சரிவில் ஓடும் தண்ணீர் அவற்றை வாரிக்கொண்டு போகிறது.

இந்த ஊர் பிறந்ததே ஆறு மண்ணைத் தரம் பிரித்துப் போட்டதால்தான். கிரானைட்டோடு இருந்த வெள்ளீயத் தாதுவான கேசிடரைட், பாறை மக்கியபோதும் கரையாமல் நின்றது. அது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம். குவார்ட்ஸ் மணல் 2.65 மடங்குதான். ஓடும் தண்ணீர் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினாலும், வேகம் குறையும் இடத்தில் கனமானது முதலில் விழும், லேசானது தொடர்ந்து போகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்து, பள்ளத்தாக்கின் அடியில், குறிப்பாகச் சுண்ணாம்புப் பாறையின் குழிகளிலும் இடுக்குகளிலும், தாது சேர்ந்தது. 1857-ல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கில் தோண்டியது அந்தச் சேமிப்பைத்தான். ஆற்றில் இறங்கி தூலாங் பிடித்தவர்கள் செய்ததும் ஆற்றின் வேலையையே. அகன்ற மரத்தட்டில் மண்ணை அள்ளி, தண்ணீரில் அமிழ்த்திச் சுழற்றுவார்கள். களிமண் முதலில் கலங்கி வழியும். அடுத்த சுற்றில் மணல் விளிம்பேறிப் போகும். கடைசியில் தட்டின் நடுவில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி நிற்கும். அதுதான் தாது.

தட்டில் நின்றது ஒரு பிடி, வழிந்து போனது கூடை கூடையாக. பிறகு வந்த சுரங்கங்களில் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி மேட்டையே கரைத்து, குழம்பைப் பம்பு வைத்து உயரமான மரச்சாய்வில் ஓடவிட்டார்கள். தாதுவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். அந்த மிச்சம் ஆற்றுக்குள் போய், படுகையை மேடாக்கியது. படுகை உயர்ந்தால் ஆறு கொள்ளும் தண்ணீர் குறையும். 1926-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு நகருக்குள் ஆற்றை நேராக்கினார்கள். 1971 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கரையைக் கான்கிரீட்டாக்கினார்கள். 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தித்திவாங்சா ஏரி போன்ற பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் பூங்காவாயின. ஆனால் ஆற்றுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. சுரங்கம் விட்ட இடத்தை வீடமைப்பும் நெடுஞ்சாலையும் எடுத்துக்கொண்டன.

மண் எவ்வளவு தூரம் போகும் என்பது துகளின் அளவைப் பொறுத்தது. மழை நாளில் ஆற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். கையை எடுப்பதற்குள் மணல் அடியில் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதன்மேல் மெல்லிய வண்டல் படியும். ஆனால் மேலே உள்ள தண்ணீர் மறுநாள் காலையிலும் கலங்கியே இருக்கும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. அசையாத தண்ணீரில் 1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழத்தைப் பத்து விநாடிக்குள் கடந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்குப் பத்து நாள்கூடப் போதாது. ஆறு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், 120 கிலோமீட்டரையும் 33 மணி நேரத்தில் முடித்துவிடும். அதாவது, உலு கிள்ளானில் கரைந்த களிமண் வழியில் எங்கும் உட்கார நேரமில்லாமல் கடலைப் பார்த்துவிடும். மணலின் பயணம் வேறு மாதிரி. வெள்ளத்தில் படுகையோடு உருண்டும் குதித்தும் கொஞ்ச தூரம் போகும், வெள்ளம் தணிந்ததும் நிற்கும், அடுத்த வெள்ளத்தில் மறுபடி கிளம்பும்.

களிமண் எளிதில் கரைகிறதே, படிந்தால் எளிதில் கிளம்பவும் செய்யும் என்று தோன்றும். அப்படி இல்லை. படிந்து இறுகிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், மணலைக் கிளப்பும் வேகம் அதற்குப் போதாது. சாதாரண மழைக்கு அசையாமல் கிடந்துவிட்டு, ஒரு பெரிய வெள்ளத்தில் மொத்தமாகப் பெயர்ந்து வரும். ஆண்டு முழுவதும் ஆறு சுமக்கும் மண்ணில் பெரும்பங்கு சில பெருமழைகளின் ஓரிரு மணி நேரங்களில் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மண் வெறும் மண்ணாகப் போனால் மீனுக்கும் பாலத்துக்கும்தான் தொல்லை. கயோலினைட்டும் இரும்புத் துருவும் சும்மா போவதில்லை என்பதுதான் விஷயம். ஒரு கிராம் கயோலினைட்டைப் பிரித்து விரித்தால் அதன் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர் வரும். ஒரு படுக்கையறைத் தரையின் பரப்பு அது. அந்தப் பரப்பில் பெரும்பகுதி எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் நேர்மின்னூட்டம் உள்ள அம்மோனியம், துத்தநாகம், செம்பு, காரீயம் போன்றவை அதில் ஒட்டுகின்றன. களிமண்ணைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துரு அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். சோப்புத் தூளிலும் மனிதக் கழிவிலும் இருந்து வரும் பாஸ்பேட்டும், தாதுப் பாறைகளோடு வரும் ஆர்செனிக்கும் அதில் போய்ச் சேரும். கார் டயர் தேய்ந்து உதிரும் துத்தநாகம், பிரேக் தேய்ந்து உதிரும் செம்பு, தகரக் கூரையைக் கழுவி வரும் தண்ணீர், சாப்பாட்டுக் கடை வடிகாலில் இறங்கும் எண்ணெய், சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் எல்லாமே சாலையோரக் கால்வாய் வழியாக இதே ஆற்றுக்கு வருகின்றன. மழை தொடங்கி முதல் அரை மணி நேரத்தில் கால்வாயில் ஓடுவது, நாள்கணக்கில் சாலையில் சேர்ந்ததன் கரைசல். அது மலையிலிருந்து வரும் களிமண்ணைச் சந்திக்கிறது. கரைந்து வந்தவற்றில் ஒரு பங்கு துகளில் ஏறிவிடும்.

ஒரு வகையில் இது ஆறு தனக்குத் தானே செய்துகொள்ளும் சுத்திகரிப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் மீனின் செவுளுக்குள் நேராகப் போகும். துகளில் ஒட்டியதற்கு அந்த வேகம் இல்லை. ஆனால் இந்த உதவி நிரந்தரம் கிடையாது. நகருக்குக் கீழே, வேகம் குறைந்த வளைவுகளிலும் தடுப்புகளுக்குப் பின்னாலும் குட்டைகளிலும் சேறு படியும்போது அதோடு கழிவின் கரிமப் பொருளும் படிகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்ன ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும், குளிர்நாட்டு ஆறுகளைவிடக் குறைவு. சேற்றுக்குள் சில மில்லிமீட்டர் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. துரு கரைகிறது. அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் விடுபடுகின்றன. அதற்கும் அடுத்த கட்டத்தில் சல்பேட் சல்பைடாகி, இரும்போடு சேர்ந்து சேற்றைக் கரியாக்குகிறது. ஆற்றங்கரையில் குச்சியால் கிளறினால் மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே கன்னங்கரேலென்று சேறு, அழுகிய முட்டை நாற்றம். அந்தப் பழுப்புக்கும் கறுப்புக்கும் இடையில் உள்ள கோடுதான் ஆக்சிஜன் முடியும் எல்லை. வறண்ட வாரங்களுக்குப் பிறகு திடீரென்று வெள்ளம் வந்தால் கறுப்புச் சேறு கிளம்பி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் மீன் செத்து மிதந்தால், யாரோ ராத்திரியில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். படுகையே காரணமாக இருக்கலாம்.

பத்துமலைப் பக்கம் இந்த வேதியியலில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. அங்கே பாறை சுண்ணாம்பு. மழைநீர் அதைக் கரைத்துக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் தண்ணீரில் சேர்க்கிறது. அமிலத்தன்மை குறைகிறது. இது பெரும்பாலும் நல்லதுதான், ஆனால் அம்மோனியா விஷயத்தில் கவனம் வேண்டும். பிஹெச் (அமில, கார அளவு) 7-ல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஹெச் 9-ஐத் தொட்டால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். புதுச் சிமெண்டைக் கழுவிய தண்ணீர் மிகக் கடுமையான காரம். கட்டுமான இடத்திலிருந்து அது ஓடைக்குள் வந்தால் சிறிய ஓடையின் பிஹெச்சை வெகு சீக்கிரம் ஏற்றிவிடும். தைப்பூசத்துக்குச் சுங்கை பத்து ஆற்றில் முழுகிக் காவடி எடுப்பவர்களும் குழந்தைக்கு முடியிறக்கிக் குளிப்பாட்டுபவர்களும் நம்மில் ஏராளம். நோய்க்கிருமிகளும் துகளில் ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கின்றன. வெயில் படாத, உணவு கிடைக்கிற இடம் அது. முந்தின நாள் கனமழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் சின்னப் பிள்ளைகளைக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டுவதே நல்லது.

ஆற்றின் தரத்தை அரசு எப்படி அளக்கிறது? மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த் தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.19, வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.16, மிதக்கும் திடப்பொருளுக்கு 0.16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 0.15, பிஹெச்சுக்கு 0.12 என்று எடை. 81-க்கு மேல் சுத்தம், 60-க்குக் கீழே மாசுபட்டது. மிதக்கும் மண்ணை அளப்பது எளிய வேலை. முன்பே எடை பார்த்த கண்ணாடியிழை வடிதாளில் அளந்த தண்ணீரை வடிகட்டி, 105 டிகிரியில் காயவைத்து, மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் விடை. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் குளிக்கத் தகுந்த இரண்டாம் பி வகுப்பு.

இந்தக் குறியீட்டை நான் மதிக்கிறேன், நாட்டின் ஆறுகளை ஒரே கோலால் அளக்க அது உதவுகிறது. ஆனால் வடிதாளில் எவ்வளவு மண் நின்றது என்று அது சொல்லும், அந்த மண்ணில் என்ன ஒட்டியிருந்தது என்று சொல்லாது. ஆறு அளவுகளில் ஒரு உலோகம்கூட இல்லை. படுகைச் சேறு கணக்கிலேயே இல்லை. அதோடு, மாதிரி எடுக்க ஆள் போவது பெரும்பாலும் திட்டமிட்ட ஒரு நாளில், பகலில். மண்ணின் பெரும்பங்கு ஓடுவதோ இடி மின்னலோடு பெய்யும் சாயங்கால மழையில். 2010களின் தொடக்கத்தில் தொடங்கிய ‘ரிவர் ஆஃப் லைஃப்’ என்ற ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு இதே இரண்டாம் பி வகுப்புதான். கரையோர நடைபாதை வந்திருக்கிறது, சந்தைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்திருக்கின்றன. அவையெல்லாம் தேவையானவை. கிள்ளான் பக்கம் 2019 முதல் மிதக்கும் குப்பையை வாரும் இயந்திரப் படகும் இருக்கிறது. பிளாஸ்டிக்கை அது பிடிக்கும். களிமண் அதன் அடியால் போய்விடும். வெள்ள வடிகாலாகவும் சாலையாகவும் பயன்படும், 2007-ல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் நகர மையத்தை வெள்ளத்திலிருந்து பலமுறை காப்பாற்றியிருக்கிறது. வெள்ளம் அதன் சாலைப் பகுதிக்குள்ளும் ஓடிவிட்டால், சேற்றைக் கழுவி எடுத்த பிறகே கார்களை விட முடியும்.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் களிமண்ணின் நடத்தை மாறுகிறது. உப்புநீரில் உள்ள சோடியம், மெக்னீசியம், கால்சியம் அயனிகள் துகள்களின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன. இதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக வந்தவை ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் இறங்குகின்றன. கிள்ளான் துறைமுகத்தின் கப்பல் பாதைகளைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதிலும், பூலாவ் கெத்தாம் தீவைச் சுற்றிச் சதுப்புக் காடு வளர்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. சேறு அங்கே சேர்வது இயற்கை, கண்டல் மரங்களுக்கு அது வேண்டும். அந்தச் சேற்றோடு நகரத்தின் துத்தநாகமும் காரீயமும் சேர்வதுதான் கவலை. சிலாங்கூர் கடற்கரைச் சேற்றுத் திடலில் வளரும் கெராங் சிப்பிகள் சாப்பிடுவது அங்கே மிதந்து படியும் நுண்துகள்களைத்தான்.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வந்த வெள்ளத்தை நம்மவர்கள் மறக்க முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் இருந்தது அந்த நுண்ணிய சேறு. மெத்தைக்குள், பிரிட்ஜுக்குள், சாமி அறை இழுப்பறைக்குள் எல்லாம் புகுந்திருந்தது. மணலாக இருந்தால் இவ்வளவு உள்ளே போயிருக்காது. வெள்ளச் சேற்றை ஈரமாக இருக்கும்போதே, கையுறையும் பூட்ஸும் போட்டு, தண்ணீர் அடித்துத் தள்ளுவதுதான் சரி. காயவிட்டுப் பெருக்கினால் அந்த நுண்துகள் தூசியாகி மூச்சுக்குள் போகும். எலிக் காய்ச்சல் கிருமி ஈரச் சேற்றில் உயிரோடு இருக்கும் என்பதால் காலில் புண் உள்ளவர்கள் வெறுங்காலோடு இறங்கவே கூடாது.

இதற்கெல்லாம் தடுப்பு மேட்டில்தான் தொடங்க வேண்டும். கட்டுமான இடங்களில் வண்டல் குட்டை வெட்ட வேண்டும் என்பது விதி. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2000-லிருந்தே இதைச் சொல்கிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சில மணி நேரம் தங்கும் குட்டையில் மணலும் பருமனான வண்டலும் நிற்கும், களிமண் நிற்காது. நச்சைச் சுமப்பதோ களிமண். அதை நிறுத்த இரண்டே வழி. ஒன்று, துகள்களைத் திரள வைப்பது. குடிநீர் ஆலையில் படிகாரம் போடுவது இதற்காகத்தான். நம் பாட்டிமார் பானைக்குள் தேற்றாங்கொட்டை இழைத்ததும் கலங்கல் நீரைத் தெளியவைக்கத்தான். முருங்கை விதைப் பொடியில் உள்ள நேர்மின்னூட்டப் புரதம் களிமண்ணைத் திரட்டுவதை ஆய்வகங்களில் பலமுறை காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, மண்ணைத் திறந்து போடாமலே இருப்பது. மொத்த மேட்டையும் ஒரே நாளில் சீவாமல் பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே புல் பாய் விரித்துவிட்டால் கலங்கலே உண்டாகாது. இரண்டாவதுதான் மலிவு. குட்டையை வெட்டிவிட்டோம் என்று படிவத்தில் குறித்துக்கொண்டு, சரிவை மாதக்கணக்கில் சிவப்பாக விட்டு வைப்பதை இனியும் ஏற்கக் கூடாது.

உங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் அப்படியொரு சரிவு இருந்தால், மழை நின்ற பிறகு போய்ப் பார்ப்பதில் பயன் குறைவு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அந்த இடத்திலிருந்து கால்வாய்க்கு வரும் தண்ணீரையும், அதற்கு மேற்பக்கம் கால்வாயில் வரும் தண்ணீரையும் தனித்தனியாகப் படம் எடுங்கள், நேரத்தோடு. மேலே தெளிவு, கீழே சிவப்பு என்று இரண்டு படமும் காட்டினால், மண் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இருக்காது. நகராண்மைக் கழகத்துக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் புகார் அனுப்பும்போது அந்த இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.